பிரதம விருந்தினர் பேசவில்லை

தொலைக்காட்சியில் புதிதாக ஒரு நடிகை வந்து நின்றால் உங்கள் அம்மா உடனே, "இவ கதைப்பாவோ, சும்மா நிப்பாவோ?" என்று கேட்பார். நீங்கள் சிரிப்பீர்கள். "அம்மா, ஷீ இஸ் த ஹீரோயின்!" என்று சின்னவள் ஒருநாள் கோபித்தும் இருக்கிறாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல, எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள். எழுதி வைத்தால் எப்போதாவது ஒரு மழை நாளில் வாசிப்பீர்கள்.

எழுபதுகளில் நாங்கள் சிட்னியின் பரமட்டாப் பகுதியில் ஒரு மாடிக் கட்டிடத்தின் கீழ்வீட்டில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அம்மாவின் படிப்பைப் பார்த்துத்தான் இந்த நாடு கதவைத் திறந்தது. நான் அம்மாவோடு வந்த பெட்டி மாதிரி உள்ளே வந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கன்ரீனில் வேலை. அங்கே சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் உலகம் தலைகீழாக இருக்கும். நீதிபதி உடுப்புப் போட்டவர் கடனுக்குச் சிகரெட் கேட்பார். அப்போதுதான் சுட்டுக் கொல்லப்பட்டவர் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு கேட்பார்.

அந்த வரிசையில்தான், பிறகு உங்களுக்கு அன்ரியானவரை நான் முதலில் கண்டேன். பெரியவளே, உனக்கு அவரைக் கொஞ்சம் நினைவிருக்கும். உன்னை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் இருத்துவாரே, அவர்தான்.

அன்ரி நைஜீரியாவிலிருந்து வந்தவர். தாயும் தகப்பனும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஊரூராகப் போய் நாடகம் போடும் குழு ஒன்றில் பதினாறு வயதில் சேர்ந்து, பிறகு லண்டனில் நாடகம் படித்து, இன்னொரு குழுவோடு சிட்னிக்கு வந்தார். குழு திரும்பிப் போனது, அன்ரி நின்றுவிட்டார். இங்கே தொலைக்காட்சிக்குப் புது முகங்கள் தேவைப்படுகின்றன என்று யாரோ சொன்னார்களாம். முகம் தேவைப்பட்டது உண்மைதான். குரலைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் தட்டை நீட்டிக்கொண்டு, "பிரதர், இதில உறைப்பா ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அன்ரி பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த மாதிரி நம் தமிழில் எழுதுகிறேன்.

"மிளகுத் தூள் இருக்கு."

"அது தும்மலுக்கு. நான் கேட்டது சாப்பாட்டுக்கு."

அடுத்த நாள் அம்மா செத்தல் மிளகாய் போட்டு இடித்த கட்டைச் சம்பலை ஒரு போத்தலில் கொண்டு போய்க் கொடுத்தேன். வெள்ளை மீன் துண்டுக்கு மேலே அள்ளிப் போட்டுச் சாப்பிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது. "இந்த ஊருக்கு வந்த பிறகு இண்டைக்குத்தான் மனுசச் சாப்பாடு" என்றார். அதன் பிறகு அவர் எங்களுக்கு உறவு. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அம்மாவை அக்கா என்பார். கையால் சாப்பிடுவதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்ரிக்குக் கிடைத்த வேடங்களைச் சொல்கிறேன். ஒரு தீவில் தட்டு ஏந்திய வேலைக்காரி. பிறகு ஆஸ்பத்திரித் தொடரில் ஊசி எடுத்துக் கொடுக்கும் நேர்ஸ். அதில் ஒரு வசனம் உண்டு: "யெஸ், டொக்டர்." நல்ல நாளென்றால் இரண்டு தரம் சொல்லலாம். லண்டனில் படித்த படிப்பை எல்லாம் அந்த 'யெஸ்'ஸுக்குள் போட்டுச் சொல்வார். கன்ரீனுக்கு வந்ததும் நான், "இண்டைக்கு எத்தினை வரி சிஸ்டர்?" என்று கேட்பேன். பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒருநாள் ஏதோ பழைய காலத்துக் கதை எடுத்தார்கள். நடிகர்களைப் பொறுக்கும் ஆள் கன்ரீனுக்குள் ஓடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆள் ஒன்று குறைகிறது, வா என்றார். என் ஏப்ரனைக் கழற்றி, கையில் ஈட்டியைக் கொடுத்து, ஆபிரிக்க அரசன் ஒருவனின் காவல்காரனாக நிறுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அன்ரி! சேலை சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, இந்தியாவிலிருந்து வந்த இளவரசியின் தோழியாக நிற்கிறார். ஆபிரிக்கா வேண்டிய இடத்தில் நானும், இந்தியா வேண்டிய இடத்தில் அவரும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்காமல் நிற்பதுதான் அன்றைக்கு எங்கள் நடிப்பு.

இடைவேளையில், "சிஸ்டர், ஈட்டியை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? எங்கட வீட்டில இருந்தது குடையும் பிரம்பும்தான். எனக்கு இந்தச் சேலை அவிழுது பிரதர், என்ன செய்ய?"

"எனக்கும் தெரியாது. அம்மாவைத்தான் கேக்கோணும்."

அது ஒளிபரப்பானபோது அம்மா பார்த்துவிட்டு, "இதார் இந்தப் பிள்ளைக்குச் சேலை கட்டினது? பந்தல் காலுக்குச் சுத்தின மாதிரி இருக்கு" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் திரையில் தெரிந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியதாம்.

அன்ரிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தரமாவது இந்த ஊரில் ஒரு மேடையில் நின்று, தன் குரலில், ஒரு முழுக் காட்சியைப் பேசி முடிக்க வேண்டும். அதற்காக ஒரு காட்சியை அவரே எழுதி வைத்திருந்தார். ஒரு சிற்றூர் ராணியிடம் மந்திரிமார் வந்து, சண்டைக்கு உன் மகனைத் தா என்று கேட்கிறார்கள். ராணி ஒவ்வொருவராகப் பார்த்து, உங்கள் உங்கள் பிள்ளைகள் எங்கே என்று திருப்பிக் கேட்கிறாள். கால் மணி நேரம் அவள் ஒருத்தியே பேசுவாள்.

நான் அதைத் தற்செயலாகக் கேட்டேன். கன்ரீனின் குளிர் அறைக் கதவு தடிப்பானது, உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் அன்ரி அங்கே போய்ப் பழகுவார். நான் வெண்ணெய் எடுக்கக் கதவைத் திறந்தேன். ஆட்டுத் தொடைகள் தொங்குகிற வரிசையைப் பார்த்து ஒரு ராணி நீதி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் எழும்பவில்லை. குளிரால் என்று நினைத்தேன்.

"என்ன பிரதர், வெண்ணெயோ?" என்று நேர்ஸ் உடுப்போடு அன்ரி கேட்டார்.

"வெண்ணெய் கிடக்கட்டும். இதை ஒருத்தருக்கும் காட்டேல்லையோ?"

நகரத்து நாடக அரங்கு ஒன்றின் இயக்குநருக்கு எத்தனையோ முறை போன் எடுத்தாராம். மேடையில் உங்களைப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்பது அவருடைய பதில். மேடை தந்தால்தானே பார்க்கலாம் என்றால், பார்த்தால்தானே மேடை தரலாம் என்கிறார். அன்ரி சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடை ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் சிட்னியில் நம் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் சங்கம் இருந்தது. தலைவர் ஒரு டொக்டர், செயலாளர் ஒரு எக்கவுண்டன்ட். என் பொறுப்பு கதிரை அடுக்குவது. சித்திரை வருடப்பிறப்பு விழாவுக்கு ஒரு தேவாலய மண்டபத்தைச் சனிக்கிழமை பின்னேரம் எடுத்திருந்தார்கள். ஆறு மணிக்கு விட்டுவிட வேண்டும். ஆறரைக்கு அங்கே வயதான வெள்ளைக்காரப் பெண்களின் பிங்கோ விளையாட்டு.

நான் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்: "டொக்டர், எனக்குத் தெரிஞ்ச நடிகை ஒருத்தர் இருக்கிறா. நைஜீரியா. ஒரு கால் மணித்தியாலம் நடிச்சுக் காட்டுவா."

"ரீவியில வாறவவோ?" என்று செயலாளர் கேட்டார்.

"ஓம்."

தலைவர் யோசித்தார். "அப்ப அவவைச் சும்மா நடிக்க விடுறது சரியில்லைத் தம்பி. பெரிய ஆள். பிரதம விருந்தினரா இருத்துவம்."

"இருந்தா நடிக்கிறது எப்பிடி டொக்டர்?"

"கடைசியில நடிக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

மரியாதை செய்யத்தான் நினைத்தார்கள். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அம்மா தன் நீலப் பட்டுச் சேலையை அன்ரிக்குக் கட்டி விட்டார். அன்ரி நெடிய ஆள். சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. "பரவாயில்லை அக்கா, ராணிக்கு நடக்க வசதி" என்றார். அன்ரி போன் பண்ணி அழைத்திருந்த அந்த நாடக இயக்குநரும் சொன்னபடி வந்துவிட்டார். கழுத்தில் நீளச் சால்வை. கடைசி வரிசையில் இருத்தி, வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன்.

அன்ரி விளக்கேற்றினார். மாலை போட்டு, மேடையில் நடுக் கதிரையில் இருத்தினார்கள். தேவாரம். வரவேற்புரை. தலைமையுரை. ஆசியுரை. பேச வந்த ஒவ்வொருவரும், "நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக" என்று தொடங்கினார்கள். தொடங்கியது மட்டும் சுருக்கம். நடுவில் பிள்ளைகளின் நடனம். பெரியவளே, நீயும் ஆடினாய், இரண்டாவது அடியில் அழுதுகொண்டு இறங்கிவிட்டாய்.

ஐந்து மணிக்கு நான் மேடைக்குப் பின்னால் போய்த் தலைவரின் காதில், "டொக்டர், இப்ப அவவை விடுவமே" என்றேன்.

"என்ன தம்பி நீர்? பிரதம விருந்தினரை இடையில விடுறது மரியாதையோ? அவ முடிச்சால் சனம் எழும்பிப் போடும். பிறகு மற்ற ஆக்கள் ஆருக்குப் பேசுறது?"

பிறகு செயலாளர் அன்ரியை அறிமுகப்படுத்தினார். அன்ரியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆகவே நூலகத்துக்குப் போய் நைஜீரியாவைப் படித்து வந்திருந்தார். அந்த நாட்டின் ஆறுகள், மழைவீழ்ச்சி, நிலக்கடலை, பனையெண்ணெய், தகரச் சுரங்கம் எல்லாம் வந்தன. பெற்றோலியத்துக்கு வந்தபோது மண்டபக் காவலர் கதவடியில் நின்று திறப்புக் கோர்வையைக் கிலுக்கினார். அவருக்குப் பின்னால் பிங்கோ பெண்கள் தங்கள் பைகளோடு எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் அவசரமாக, "பிரதம விருந்தினர் தன் அழகிய இருப்பினால் எங்களைக் கௌரவித்தார்" என்று முடித்தார். தேசிய கீதம். முடிந்தது.

அவ்வளவு நேரமும் அன்ரி அந்தக் கதிரையில் இருந்தார், ஒரு சொல் விளங்காமல். ஆனால் பேசுபவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செயலாளர் மழைவீழ்ச்சி சொன்னபோது அன்ரியின் முகத்தில் மழை பெய்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

நான் கதிரைகளை மடக்கிக்கொண்டு நின்றேன், அன்ரியைப் பார்க்கத் துணிவில்லை. அப்போது இயக்குநர் அவரிடம் விரைந்து வந்து இரண்டு கையையும் பிடித்தார். "இப்படி ஒருவர் காது கொடுத்துக் கேட்பதை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. என் புதிய நாடகத்தில் உங்களுக்குப் பெரிய வேடம் தருகிறேன். திரை எழும்பியதிலிருந்து விழும்வரை நீங்கள் மேடையில் இருப்பீர்கள்."

"எத்தினை வரி?" என்று அன்ரி கேட்டார்.

"அதுதான் அதன் அழகே! அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராது."

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாலையில் இருந்த பூக்கள் உதிரும்வரை சிரித்தார். இயக்குநர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த நாடகத்துக்கு நானும் அம்மாவும் போனோம். மற்ற எல்லாரும் சத்தம் போட்டார்கள். அன்ரி மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். சனம் அவரைத்தான் பார்த்தது. பத்திரிகைகளும் அவருடைய மௌனத்தைப் புகழ்ந்தன. அதன் பலன் உடனே தெரிந்தது. அடுத்து வந்த வேடங்கள் எல்லாம் ஊமைகள். ஒரு பேய், அதுவும் பேசாத பேய். பிறகு மெல்பேர்னிலிருந்து அழைத்தார்கள், ஒரு தொடரில் நினைவு தப்பிக் கட்டிலில் கிடக்கும் நோயாளி. கிழமைக்கணக்காகக் கிடந்தார். திரும்பி வந்து, "பிரதர், நான் முன்னேறிட்டன். இப்ப கண் திறக்கவும் தேவையில்லை" என்றார்.

அன்று சோற்றைப் பிசைந்தபடி திடீரென்று கேட்டார்: "உங்கட ஆக்கள் பேசத் தொடங்கேக்க எல்லாரும் ஒண்டு சொல்லுவினமே, என்ன அது?"

"நேரத்தின் அருமை கருதி. சுருக்கமாப் பேசப் போறன் எண்டு அர்த்தம்."

"சுருக்கமாவோ பேசினவை?"

"இல்லை."

"ஒருத்தரும் நிப்பாட்டேல்லையே?"

"மேடையில பேசிற ஆளை நிப்பாட்டுறது மரியாதை இல்லை" என்றார் அம்மா. "எங்கட ஆக்கள் மண்டபம் எரிஞ்சாலும் பேசி முடியுமட்டும் இருப்பினம்."

அன்ரி அந்த 'நேரத்தின் அருமை கருதி'யை மூன்று நான்கு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சம்பல் வாங்கினார்.

அந்த வருடக் கடைசியில் அவர் ஊருக்குத் திரும்புவதாக முடிவாயிற்று. பழைய நாடகக் குழு கூப்பிட்டிருந்தது. சங்கம் சும்மா விடுமா? அதே மண்டபம், அதே பின்னேரம், வழியனுப்பு விழா. அன்ரி இயக்குநருக்குப் போன் பண்ணினார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை. "இனி உங்கள் திறமையைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லையே" என்று அன்பாகச் சொன்னாராம்.

நிகழ்ச்சி நிரலில் அன்ரியின் ஏற்புரை எல்லாவற்றுக்கும் கடைசி. அம்மா அதே நீலச் சேலையைக் கட்டி விட்டார். இந்த முறை கீழே கரை வைத்துத் தைத்திருந்தார், நிலம் வரை வந்தது. தலைவர் மெழுகுதிரியை நீட்டினார். அன்ரி விளக்கை ஏற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் நடுக் கதிரையைக் காட்டினார்.

அன்ரி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே ஒலிவாங்கிக்குப் போனார். தமிழில், தெளிவாக, "நேரத்தின் அருமை கருதி!" என்றார்.

மண்டபம் இடிந்து விழுவது போலக் கை தட்டல். தலைவரும் தட்டினார். தட்டி முடிந்தபோது அன்ரி ராணியாகிவிட்டிருந்தார். ஒலிவாங்கியை ஒரு விரலால் ஒதுக்கி வைத்தார். அந்தக் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கதிரைகளைப் பார்த்தேன். யார் எழும்பி நிறுத்துவது? பேசுவது பிரதம விருந்தினர்.

ராணி மந்திரிமாரைத் தேடினாள். மேடையில் வரிசையாக இருந்தவர்கள் நம் செயற்குழுவினர். ஒவ்வொருவராகப் போய் முன்னால் நின்றாள். "என் மகனைக் கேட்க வந்தாயே, உன் மகன் எங்கே?" என்று பொருளாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். தலைவரிடம் வந்தாள். இன்னும் கிட்டப் போய், மெதுவாகக் கேட்டாள். "உன் மகன் எங்கே?"

"மெடிசின் செய்யிறார்" என்றார் தலைவர், எழும்பி நின்று. "செக்கண்ட் இயர்."

மண்டபம் சிரித்தது. ராணி சிரிக்கவில்லை. அந்தப் பதிலையும் பிடித்துக்கொண்டாள். "அப்படியென்றால் என் மகனின் காயத்துக்கு அவன் மருந்து கட்டட்டும்" என்றாள். சிரிப்பு கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. தலைவர் இருக்கவும் மறந்து நின்றார். ஓடித் திரிந்த பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். ஆட்டுத் தொடைகளுக்குக் கேட்ட குரலை இப்போது மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி நேரம் என்றார். அது இருமடங்கும் தாண்டியிருக்கும். குளிர் அறையில் பழகியதற்குப் பிறகு நிறையச் சேர்த்திருக்கிறார் போல. மண்டபக் காவலர் திறப்புக் கோர்வையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்துவிட்டார்.

அவருக்குப் பிறகு பேச வந்தவர்கள் எல்லாரும் நேரத்தின் அருமையை உண்மையாகவே கருத வேண்டியதாயிற்று. தலைவரின் உரை அவருடைய கோட்டுப் பைக்குள்ளேயே இருந்து கார் வரைக்கும் போனது. அடுத்த தைப்பொங்கலுக்கு அதை முழுதாகவே பேசினார்.

போகும்போது அவர் என் தோளில் தட்டி, "நல்லாத்தான் செய்தா தம்பி. ஆனா கொஞ்சம் நீளம்" என்றார்.

சனம் வரிசையாக வந்து அன்ரியிடம் விடைபெற்றது. எல்லாரும் ஏதோ சொன்னார்கள். அன்ரி வெறுமனே தலையை ஆட்டினார். அவ்வளவு நேரம் பேசியதில் அவருக்குக் குரல் முற்றாகப் போயிருந்தது. அம்மா சுடுதண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

கதிரைகளை மடக்கியபடி நான் கிட்டப் போய், "இண்டைக்கு எத்தினை வரி சிஸ்டர்?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.